கொரோனா நேரத்துல சுவர்ல படம் வரைஞ்சதால யாருக்கு என்ன கிடைச்சுது?

கேட்டிருக்கறது இதுதான்: "லாக்டவுன் சமயத்துல உலகம் பூரா சுவர்ல, ரோட்டுல, மலை மேலன்னு படம் போட்டாங்க, ஜனங்களுக்கு நம்பிக்கை குடுக்கறதுக்குன்னு சொன்னாங்க. நிஜமாவே அதனால ஏதாவது நடந்துச்சா, இல்ல போட்டோ எடுத்துப் போடறதுக்குத்தானா? நாளைக்கு மறுபடியும் அப்படி ஒரு காலம் வந்து எங்க தெருவுல பண்ணணும்னா எப்படிப் பண்ணணும்?"

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். நான் போர்டு எழுதிப் பொழைச்சவன். கடை போர்டு, கட்சி சுவர் விளம்பரம், கோயில் சுதைக்கு கலர் அடிக்கிறதுன்னு எல்லாம் பண்ணிருக்கேன். ஃப்ளெக்ஸ் வந்தப்புறம் எங்க தொழில் பாதி போச்சு, அதுக்கப்புறம் ஸ்கூல் சுவர், ஆஸ்பத்திரி சுவர்னு ஓவியம் போடற வேலைக்கு மாறினேன், இந்த பொதுச்சுவர் ஓவியம் எங்கெங்க எப்படி நடக்குதுன்னு பத்து வருஷமா தேடித் தேடிப் பாத்துட்டு இருக்கேன். அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

ஒரே வரில பதில் வேணும்னா, சிலது வேலை செஞ்சுது, நிறைய செய்யல. எது வேலை செஞ்சுதுன்னு பாத்தா, பெரிய ஆர்ட்டிஸ்ட் போட்டதா, அழகா இருந்துச்சா, எவ்ளோ பெருசுங்கறதெல்லாம் கணக்கே இல்ல. பாத்துட்டு நிக்கிறவன் கையில அது ஏதாவது வேலை குடுத்துச்சான்னு பாக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரே அளவுகோல் அதுதான், இது ஏன்னு சொல்றதுக்குத்தான் இவ்ளோ நீளம்.

நம்ம ஊர்ல என்ன பண்ணோம்னு முதல்ல பாப்போம், நியாபகம் இருக்கும். 2020 மார்ச் கடைசில சென்னைல ஒரு இன்ஸ்பெக்டர் கொரோனா மாதிரியே சிவப்பு முள்ளு முள்ளா வெச்ச ஹெல்மெட்டப் போட்டுட்டு செக்போஸ்ட்ல வண்டிய மறிச்சாரு, அந்த ஹெல்மெட்ட கௌதம்ங்கற ஆர்ட்டிஸ்ட் பண்ணிக் குடுத்தாரு, உலகம் பூரா அந்த போட்டோ போச்சு. அடுத்தடுத்து சிக்னல்ல, மெயின் ரோட்டுலன்னு பெரிய பெரிய வைரஸ் படமா போட ஆரம்பிச்சுட்டாங்க. கண்ணு, பல்லு, நாக்கு, சுத்தி முள்ளு, கீழ "வெளியே வராதே". நானும் போட்டிருக்கேங்க, மறைக்க என்ன இருக்கு. ஒரு அமைப்பு கூப்பிட்டாங்க, ராத்திரி பத்து மணிக்கு பாஸ் வாங்கிக் குடுத்தாங்க, நாலு பேர் சேந்து விடியறதுக்குள்ள நாலு ரோடு கூடற இடத்துல இருபதடிக்கு ஒரு அசுரனப் போட்டு முடிச்சோம். காலைல பால் வாங்க வந்த ஒரு பெரியம்மா அதச் சுத்தி ஓரமா நடந்து போனாங்க, மிதிக்கக்கூடாதுன்னு. பயமா, மரியாதையான்னு எனக்கு இன்னிக்கும் புரியல. நாலு நாள்ல டயர் ஓடி ஓடி பல்லு மட்டும் மிஞ்சுச்சு.

அது எச்சரிக்கை போர்டு, அந்த நேரத்துக்கு அது தேவையும்கூடத்தான், குறை சொல்லல. ஆனா அத நம்பிக்கைன்னு சொல்ல முடியாது. ஏற்கனவே பயந்து போய் இருக்கறவன்கிட்ட போய் நாமளும் ஒரு பல்லக் காட்டுனா என்ன ஆகும்? அவன் கதவச் சாத்திக்குவான், அது வரைக்கும் சரி, சாத்தின கதவுக்கு உள்ள உக்காந்துட்டு என்ன பண்ணுவான்னு அந்தப் படத்துக்கிட்ட பதில் இல்ல.

இத்தாலில அந்தப் பதில குழந்தைங்கதான் கண்டுபிடிச்சாங்க. 2020 மார்ச் 9ஆம் தேதி நாடு பூரா அடைப்பு போட்டாங்க, அதே வாரத்துலயே பால்கனில பெட்ஷீட் தொங்குது, அதுல வானவில், கீழ "ஆந்த்ரா துத்தோ பேனே", அதாவது எல்லாம் சரியாயிடும். பிரிட்டன்ல ஸ்கூல் மூடினதும் அங்கயும் ஜன்னலுக்கு ஜன்னல் வானவில் ஒட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஓவியம்னு பாத்தா அதுல ஒண்ணுமே இல்ல, ஏழு கோடு, அதுலயும் பாதிப் பேரு வரிசைய மாத்திப் போட்டிருப்பாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, அடைச்சு வெச்ச வீட்டுல ஒரு ஆறு வயசுக் குழந்தைக்கு மத்தியானம் ரெண்டு மணி நேர வேலை, முடிச்சதும் அது தெருவப் பாத்து இருக்கற ஜன்னல்ல போய் ஒட்டுது, எதிர் வீட்டுக் குழந்தையும் ஒட்டிருக்கு, சாயங்காலம் கொஞ்ச நேரம் நடக்கப் போனா எத்தன வானவில்னு எண்ணிட்டே போலாம். பேசிக்கக்கூடாது, பக்கத்துல போகக்கூடாதுங்கற நேரத்துல தெருவே ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்ட மாதிரி. நம்ம வாசல்ல கோலம் போடறதும் கிட்டத்தட்ட இந்த வேலையத்தான் செய்யுது, உள்ள ஆள் இருக்கு, நல்லா இருக்கோம், எந்திரிச்சாச்சுன்னு தெருவுக்குச் சொல்றது. ஒரு வீட்டு வாசல்ல ரெண்டு நாள் கோலம் இல்லன்னா "என்னாச்சு அக்காவுக்கு"ன்னு கேப்போமா மாட்டோமா?

ஜப்பான்ல நடந்தது இதவிட சுவாரசியம். 1846ல, இப்ப குமாமோத்தோன்னு சொல்ற ஊர்ப்பக்கம், கடல்ல ராத்திரி ராத்திரி ஏதோ மினுமினுக்குதுன்னு ஒரு அதிகாரி போய்ப் பாத்தாராம், நீளமான முடி, பறவை மாதிரி அலகு, உடம்பெல்லாம் செதில், கீழ மூணு காலு, அப்படி ஒரு பிராணி வந்து நின்னு "என் பேரு அமாபியே, ஆறு வருஷம் விளைச்சல் நல்லா இருக்கும், கூடவே நோயும் வரும், என் படத்த வரைஞ்சு எல்லாருக்கும் காட்டு"ன்னு சொல்லிட்டு கடலுக்குள்ள போயிடுச்சாம். அப்ப ஒத்தத் தாள்ல அச்சடிச்சு வித்த செய்தித்தாள் ஒண்ணுல அந்தப் படமும் கதையும் வந்துச்சு, அது கியோத்தோ யுனிவர்சிட்டி லைப்ரரில பத்திரமா இருக்கு. 2020ல திடீர்னு எல்லாரும் அமாபியே வரைய ஆரம்பிச்சுட்டாங்க. மாங்கான்னு சொல்ற ஜப்பான் காமிக்ஸ் வரையற பெரிய ஓவியருங்க வரைஞ்சாங்க, ஸ்கூல் பசங்க வரைஞ்சாங்க, பேக்கரிக்காரன் அந்த உருவத்துல இனிப்பு போட்டான், ஏப்ரல்ல அந்த நாட்டு சுகாதாரத் துறையே போஸ்டர்ல அத எடுத்துப் போட்டுச்சு. கதைய நல்லா கவனிங்க, "என்னக் கும்பிடு"ன்னு அது சொல்லல, "வரைஞ்சு காட்டு"ன்னு சொல்லுது. ஒரு வேலை குடுக்குது! நூத்தி எழுபது வருஷம் கழிச்சும் அந்த ஒரு வாக்கியம் அப்படியே ஓடுச்சு.

இதப் படிச்சுட்டு நம்மாளுங்க உடனே "மூடநம்பிக்கை"ன்னு வருவீங்க, தெரியும். கோயம்புத்தூர்ல பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கறது தெரியுமா? பிளேக் வந்த காலத்துல கும்பிட ஆரம்பிச்சது. 2021 மே மாசம் அதே கோயம்புத்தூர் இருகூர்ல ஒரு ஆதீனத்துல கொரோனா தேவின்னு கருங்கல்லுல ஒன்றரை அடிக்கு சிலை வெச்சாங்க, டிவில எல்லாம் சிரிச்சாங்க. ஆஸ்திரியா தலைநகர் வியன்னால போய்ப் பாருங்க, ஊர் நடுவுல கிராபென்ங்கற பெரிய கடைத்தெருவுல வெள்ளைப் பளிங்குல மேகம் மேகமா ஒரு தூண் நிக்குது, 1679 பிளேக் முடிஞ்சா தூண் எழுப்பறேன்னு பேரரசர் லியோபோல்டு வேண்டிக்கிட்டது, முதல்ல மரத்துல வெச்சு அப்புறம் 1693ல கல்லுல முடிச்சாங்க. 2020 மார்ச்ல அந்தத் தூணுக்குக் கீழ ஜனங்க மெழுகுவத்தி ஏத்தி, குழந்தைங்க வரைஞ்ச படத்தக் கொண்டு போய் வெச்சாங்க. முன்னூறு வருஷத்துக்கு முந்தி வேற ஒரு நோய்க்கு எழுப்பின தூணு, சுத்தி நகைக்கடையும் துணிக்கடையும், எல்லாம் பூட்டிக்கிடக்கு, அவங்களுக்குப் போய் நிக்க ஒரு இடம் வேணும்னா அங்கதான் போயிருக்காங்க. மருந்துக்கு மருந்துதான் வேணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல, நான் ரெண்டு ஊசியும் வரிசைல நின்னு போட்டவன். ஆனா நிக்க ஒரு இடம், கைல வெக்க ஒரு பொருள், இது மனுசனுக்கு எப்பவும் தேவைப்பட்டிருக்கு.

சரி பெரிய ஆர்ட்டிஸ்ட்டுங்க என்ன பண்ணாங்கன்னு வருவோம். சுவிட்சர்லாந்துல சைப்னு ஒருத்தர், புல்லுத்தரை மேலயே பெயிண்ட் அடிக்கிறவர், கரியும் சுண்ணாம்புக்கட்டியும் கலந்து தானே தயாரிக்கிற பெயிண்ட், மண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. 2020 மே தொடக்கத்துல லேசான்ங்கற மலை ஊர்ல 3000 சதுர மீட்டருக்கு ஒரு சின்னப் பொண்ணு உக்காந்திருக்கற மாதிரி போட்டாரு, கை கோத்துட்டு நிக்கிற ஆளுங்கள அந்தப் பொண்ணு வட்டமா வரைஞ்சிட்டு தூரமா மலையப் பாத்துட்டு இருக்கு. அந்த அளவு எப்படிப் பிடிக்கிறாங்கன்னு கேப்பீங்க, எங்க பழைய சினிமா பேனர் ஆர்ட்டிஸ்ட்டுங்க சின்ன போட்டோவுல கட்டம் போட்டு அறுபதடிக்குத் தூக்கின மாதிரி அவரும் தரைல குச்சி நட்டு அளவு பிடிச்சுத்தான் பண்ணுவாரு. தரைல நின்னா ஒண்ணுமே தெரியாது, வெறும் வெள்ளையும் கருப்பும், மேல ட்ரோன் போனாத்தான் பொண்ணு. புல்லு வளர வளர படம் தானே போயிடும். எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது, போகப்போறதுன்னு தெரிஞ்சே போட்டது. ஆனா அந்த ஊர்க்காரனத் தவிர மத்தவங்களுக்கு அது போன்ல பாத்த படம்தான், அதையும் சொல்லணும். இதே கணக்குல அதே நாட்டுல மேட்டர்ஹார்ன் மலைல ராத்திரில லைட் அடிச்சாங்க, 24 மார்ச்ல இருந்து தினமும், கெரி ஹோஃப்ஸ்டெட்டர்னு ஒருத்தர் பண்ணாரு, ஏப்ரல்ல ஒரு நாள் நம்ம தேசியக்கொடி கூட வந்துச்சு, வாட்ஸப்ல எல்லாருக்கும் நாலு தடவையாவது வந்திருக்கும். அழகுதான். ஒரு நிமிஷம் மனசு நிறையும், அப்புறம் அடுத்த மெசேஜ்.

பான்க்ஸின்னு, யாருன்னே வெளிய தெரியாம படம் போடற ஒரு தெரு ஓவியர், அவரோடது வேற கதை. 2020 மே 6ஆம் தேதி பிரிட்டன்ல சவுதாம்ப்டன் அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சி பக்கத்துல ஒரு சட்டம் போட்ட படம் மாட்டிருக்கு. ஒரு பையன் உக்காந்து விளையாடறான், பேட்மேனும் ஸ்பைடர்மேனும் குப்பைக்கூடைல, கைல தூக்கிப் பறக்க விடறது ஒரு நர்ஸ் பொம்மை. படம் முழுக்க கருப்பு வெள்ளை, நர்ஸ் ஏப்ரன்ல இருக்கற சிலுவை மட்டும் சிவப்பு. கூட ஒரு சீட்டு, நீங்க பண்றதுக்கெல்லாம் நன்றி, கருப்பு வெள்ளைதான்னாலும் இந்த இடம் கொஞ்சம் பிரகாசமாகும்னு நம்பறேன்னு. 2021 மார்ச் 23, அதாவது அவங்க முதல் லாக்டவுன் போட்ட அதே தேதி, ஏலத்துல 1.67 கோடி பவுண்டுக்கு மேல போச்சு, நம்ம கணக்குல அப்ப 160 கோடிக்கு மேல, பணம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு உதவற அறக்கட்டளைகளுக்குப் போச்சு, ஆஸ்பத்திரில இப்ப இருக்கறது நகல். இதுல நான் சொல்ல வர்றது பணத்தப் பத்தி இல்ல. அந்தப் படத்த எல்லாரும் "நர்ஸ்தான் நிஜ ஹீரோ"ன்னு படிச்சாங்க. நான் அந்தக் கூடையத்தான் பாக்குறேன். நேத்து வரைக்கும் கைல இருந்த ரெண்டு பேரும் இன்னிக்குக் கூடைல. அப்ப நாளைக்கு இந்த நர்ஸ் பொம்மை எங்க இருக்கும்? கை தட்டினோம், விளக்கேத்தினோம், அப்புறம் சம்பள பாக்கிக்கு அவங்க போராடினப்ப யாரு போய் நின்னா? பான்க்ஸி அத நெனச்சுத்தான் போட்டாரான்னு அவருக்குத்தான் வெளிச்சம், ஆனா அந்தப் படத்துக்குள்ள அது இருக்கு.

அமெரிக்கால, நியூயார்க்ல குவீன்ஸ்ங்கற பகுதில ஒரு படம். கொரோனாங்கற பேர்லயே அங்க ஒரு பேட்டை இருக்கு, பாவம், நோய்க்குப் பல வருஷம் முன்னாடி வெச்ச பேரு. நியூயார்க்ல அடி பலமா வாங்கின ஏரியாக்கள்ல அதுவும் ஒண்ணு, பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கால இருந்து வந்து கடைல, ஓட்டல்ல, டெலிவரில வேலை பாக்கறவங்க, வீட்டுல உக்காந்து லேப்டாப்ல வேலை பாக்க வழி இல்லாதவங்க. அங்க மியூசியம் பார்க்கிங் தரைல 2020 மே மாசம் ஹோர்ஹே ரோட்ரிகஸ் ஹெராதாங்கற ஓவியர் 20,000 சதுர அடிக்கு மேல ஒரு மாஸ்க் போட்ட டாக்டர் முகத்த வரைஞ்சாரு, டொமினிக்கன் குடியரசுல இருந்து வந்து நியூயார்க்ல வைத்தியம் பாத்த இடெல்ஃபோன்சோ டெக்கூங்கற டாக்டர், கொரோனால இறந்துபோனவர். இது ஏன் எனக்கு மத்த "நன்றி டாக்டர்" படங்கள விட ஒசத்தின்னா, அது பொதுவா ஒரு டாக்டர் இல்ல. ரெக்கை வெச்ச தேவதை இல்ல, கேப் போட்ட சூப்பர்மேன் இல்ல. அந்தப் பேட்டைல காய்ச்சல்னா யார்கிட்ட போவாங்களோ அந்த மாதிரி ஆளோட மூஞ்சி. "இது நம்ம டாக்டருல்ல"ன்னு ஒருத்தன் சொன்னான்னா, அதோட அந்தப் படம் அவனுதாயிடும்.

அதே நாட்டுல சூசன் ஃபர்ஸ்டென்பெர்க்னு ஒரு அம்மா. சாகப்போறவங்களப் பாத்துக்கற ஹாஸ்பிஸ்ல பல வருஷம் தன்னார்வலரா இருந்தவங்க. 2020 அக்டோபர்ல வாஷிங்டன்ல ஒரு மைதானத்துல, இறந்தவங்க ஒருத்தருக்கு ஒண்ணுன்னு சின்ன சின்ன வெள்ளைக் கொடியா நட ஆரம்பிச்சாங்க, நவம்பர் கடைசில முடிக்கும்போது 2,67,000. அடுத்த வருஷம் செப்டம்பர் 17ல இருந்து அக்டோபர் 3 வரைக்கும் அதே ஊர் நடுவுல இருக்கற நேஷனல் மால் புல்வெளில, முடிக்கும்போது 7,00,000 தாண்டிடுச்சு. தினமும் எண்ணிக்கை ஏற ஏற போர்டுல நம்பர மாத்தினாங்க, கொடிய நட்டாங்க. வந்தவங்க பேனா வாங்கி கொடில பேர் எழுதினாங்க, ஊர்ல இருந்து வர முடியாதவங்க பேர அனுப்பினா தன்னார்வலருங்க எழுதி நட்டாங்க. "இதுல நம்பிக்கை எங்க இருக்கு, இது சாவு எண்ணிக்கைதானே"ன்னு கேப்பீங்க. எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா அந்த ரெண்டு வருஷம் நம்ம வீடுகள்ல என்ன நடந்துச்சுன்னு நெனச்சுப் பாருங்க. மூஞ்சி பாக்க விடல, பந்தல் இல்ல, பறை இல்ல, பத்தாம் நாள் காரியத்துக்குக்கூட ஆள் வரல, பிளாஸ்டிக்ல சுத்தி நேரா மயானம். அழ இடமே இல்லாம அழுகைய உள்ள வெச்சுக்கிட்டவன்கிட்ட போய் "பாசிட்டிவா இரு"ன்னு சுவர்ல சூரியகாந்திப் பூ போட்டா அவனுக்கு எரிச்சல்தான் வரும். முதல்ல அவன் ஆளோட பேர எழுத ஒரு இடம் குடுக்கணும். பேர எழுதி முடிச்சு நிமிந்து பாக்கறான் பாருங்க, பக்கத்துல இன்னொருத்தன் அதே மாதிரி குனிஞ்சு எழுதிட்டு இருப்பான், நான் சொல்ற நம்பிக்கை அந்த எடத்துலதான் தொடங்குது.

இத முழுசா பண்ணிக் காட்டினது லண்டன்தான். தேம்ஸ் ஆத்தங்கரைல, செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியோட வெளிச்சுவர், அரைக் கிலோமீட்டர் நீளம், நேர் எதிர்க்கரைல பார்லிமென்ட். பிரதமரே கொரோனா வந்து 2020 ஏப்ரல்ல அந்த ஆஸ்பத்திரிலதான் படுத்திருந்தாரு. 2021 மார்ச் 29ஆம் தேதி, சொந்தக்காரங்கள இழந்த குடும்பங்களும் லெட் பை டாங்கீஸ்னு ஒரு அரசியல் பிரச்சாரக் குழுவும் சேந்து அந்தச் சுவர்ல சிவப்பு மார்க்கரால இதயம் வரைய ஆரம்பிச்சாங்க. முறையா பர்மிஷன்லாம் வாங்கல. ஒரு சாவுக்கு ஒரு இதயம், கையளவு, கையாலயே. பத்து நாள்ல கிட்டத்தட்ட 1,50,000. ஓவியம் வரையத் தெரிஞ்சவன்னு யாரும் தேவையே இல்ல, இதயம் யாருக்குத்தான் வரையத் தெரியாது? ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி, ஒண்ணு குண்டு, ஒண்ணு ஒல்லி, ஒண்ணு சாஞ்சிருக்கு, ஸ்டென்சில் வெச்சு அடிச்சிருந்தா ஒரு நாள்ல முடிச்சிருக்கலாம், ஆனா அது வால்பேப்பர் ஆயிருக்கும். அப்புறம் குடும்பத்துக்காரங்க வந்து இதயத்துக்குள்ள பேரு, தேதி, "அம்மா"ன்னு எழுதினாங்க. எதிர்க்கரைல இருந்து பாத்தா வெறும் சிவப்புப் பட்டை, பக்கத்துல வந்தா ஒவ்வொருத்தர். அரசாங்கம் கட்டல, டெண்டர் விடல, திறப்பு விழா இல்ல, ஆனா ஆட்சில இருக்கறவங்க ஜன்னலத் திறந்தா கண்ணுல படற இடம். இப்ப எண்ணிக்கை 2,40,000 தாண்டிடுச்சு.

இங்கதான் ஒரு பெயிண்டரா எனக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். சிவப்பு வெளுக்கும். இத எங்க தொழில்ல முதல் வருஷமே கத்துக்குவோம், வெயில் படற சுவர்ல முதல்ல சாயம் போறது சிவப்பும் மஞ்சளும்தான், நீலமும் கருப்பும் நிக்கும். பழைய கடை போர்டுல சிவப்பு எழுத்து மட்டும் ரோஸாகி இருக்கறதப் பாத்திருப்பீங்க. லண்டன்லயும் அதேதான், மார்க்கர்ல போட்ட இதயம் கொஞ்ச நாள்ல ரோஸ் ஆச்சு, அப்புறம் பேருங்க மங்க ஆரம்பிச்சுது. அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? ஒரு சின்னக் கூட்டம், பெரும்பாலும் ஆள இழந்த வீட்டுப் பொம்பளைங்க, வாராவாரம் வெள்ளிக்கிழமை வந்து, சுவருக்குன்னு இருக்கற கெட்டியான பெயிண்ட்ல பழைய இதயத்து மேல ஒவ்வொண்ணா திருப்பிப் போடறாங்க. அழிஞ்ச பேர திருப்பி எழுதறாங்க, அவங்க வீட்டுப் பேரு மட்டும் இல்ல, முன்னப் பின்ன தெரியாதவங்க பேரையும். வருஷக்கணக்கா. நல்ல பெயிண்ட்ல ஒரே தடவைல போட்டு முடிச்சிருந்தா அந்த வெள்ளிக்கிழமையே வந்திருக்காது, ஒரு தப்பான மார்க்கராலதான் வந்துச்சு.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, உங்க தெருவுல எப்படிப் பண்றது. சுவர முதல்ல பாருங்க, படத்த அப்புறம் யோசிங்க. ஓதம் ஏறின சுவர்ல எவ்ளோ நல்லா போட்டாலும் ஒரு மழைல உப்பு பூத்து உரிஞ்சு வந்துடும், கையால தடவினா மாவு மாதிரி வந்துச்சுன்னா அந்தச் சுவர் வேண்டாம், இல்ல சுரண்டிட்டு ப்ரைமர் அடிச்சு ஒரு வாரம் காய விட்டு அப்புறம் பாருங்க. எக்ஸ்டீரியர் எமல்ஷன் போதும், ஸ்டெய்னர்னு விக்கற கலர்ச் சாயத்த வாங்கி நீங்களே கலர் கலந்துக்கலாம், செலவு பாதியாகும். ஆளுயரத்துக்கு மேல போறதா இருந்தா சாரம் கட்டணும், அதுல கஞ்சத்தனம் வேண்டாம். யாரு சுவரோ அவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிடுங்க, லண்டன்காரங்க வாங்கலன்னு நீங்களும் கிளம்பிடாதீங்க, நம்ம ஊர்ல ரெண்டாவது நாளே வெள்ளையடிச்சுட்டு எலெக்ஷன் சின்னத்தப் போட்டுடுவாங்க. அப்புறம் முக்கியமா, முழுசா முடிக்காதீங்க. பாதிச் சுவர காலியா விடுங்க, ஒரு டப்பால பெயிண்டும் பிரஷும் வெச்சுட்டு, ஒரு நேரத்துக்கு ஒருத்தர்னு வந்து ஒரு இலை, ஒரு கை அச்சு, ஒரு பேரு, என்ன தோணுதோ போடச் சொல்லுங்க. அசிங்கமா இருக்கும், இருக்கட்டும். வாசகம் எழுதறதுன்னா "நம்பிக்கை", "வெல்வோம்", "ஒன்றிணைவோம்" இதெல்லாம் தயவு செஞ்சு வேண்டாம், அது அரசாங்க விளம்பரம் மாதிரி இருக்கும், கண்ணு நிக்கவே நிக்காது. உங்க தெருக் கடைக்காரர் லாக்டவுன்ல கடனுக்கு அரிசி குடுத்தாரா, அவரு தராச வரைங்க.

இது நானா கண்டுபிடிச்சது இல்ல. 2020 ஆகஸ்ட்ல ஒரு அரசு ஆஸ்பத்திரி வெளிச்சுவர்ல போடச் சொன்னாங்க, ஒரு நர்ஸ், பின்னாடி சூரிய உதயம், கீழ வாசகம், டிசைன் அவங்களே குடுத்துட்டாங்க. காலைல போய்ப் பாத்தா அந்தச் சுவர்ல சாஞ்சுதான் நோயாளியோட ஆளுங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க, உள்ள விடமாட்டாங்க, வெளிய நாள் பூரா காத்துக் கிடக்கணும். சுவர்ல மூணடி வரைக்கும் முதுகு பட்டு பட்டு எண்ணெய்க் கறை. அவங்கள எழுப்பி விட எனக்கு மனசு வரல. அதனால கீழ மூணடிய வாசகத்துக்கு எடுக்காம அழுக்கு தெரியாத காவி அடிச்சு விட்டுட்டு, அதுக்கு மேல இருந்து படத்த ஆரம்பிச்சேன், வாசகம் போடவே இடம் இல்லாமப் போச்சு, அதுக்கு ஒருத்தர் கோவிச்சுக்கிட்டாரு, அது தனிக் கதை.

மூணாவது நாள் நர்ஸ் மூஞ்சி முடிஞ்சு கை போட்டுட்டு இருக்கேன், கீழ இருந்து ஒரு அம்மா கூப்பிடறாங்க. நாலு நாளா அங்கயே இருந்தவங்க, வீட்டுக்காரரு உள்ள ஆக்சிஜன்ல. "ஏப்பா தம்பி, அந்தப் பொண்ணு சாப்ட்டாளா?"ன்னு கேட்டாங்க. எனக்கு முதல்ல யாரக் கேக்கறாங்கன்னே புரியல. படத்தத்தான் கேட்டிருக்காங்க. "உள்ள இருக்குதுங்களே அந்தப் புள்ளைங்க, ரெண்டு மணி ஆனாலும் சாப்பிடாதுங்க, அந்தச் சட்டைய மாட்டிட்டா தண்ணி கூட குடிக்க முடியாதாம், என் வீட்டுக்காரருக்குப் பாக்குற புள்ள போன்ல சொல்லுச்சு. கைல ஒரு தூக்குப்போசி குடுத்து விடு"ன்னாங்க. டிசைன்ல அந்தக் கை கும்பிடற மாதிரி இருந்துச்சு. நான் வலது கைய இறக்கி, மூணடுக்கு டிஃபன் கேரியர் ஒண்ணத் தொங்க விட்டேன், சாம்பலும் வெள்ளையும் கலந்து எவர்சில்வர் மாதிரி. அன்னிக்குச் சாயங்காலமே கீழ உக்காந்திருந்தவங்க ஆளாளுக்கு அந்த கேரியர்ல என்ன இருக்கும்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க, ஒருத்தர் தயிர்சாதம்ங்கறாரு, ஒருத்தர் கோழிக்கொழம்பு இல்லாம எப்படிங்கறாரு. மூணு நாள்ல நான் அங்க கேட்ட முதல் சிரிப்பு அது.

அந்த அம்மாவோட வீட்டுக்காரர் என்ன ஆனாருன்னு எனக்குத் தெரியாது. நான் வேலை முடிச்சு சாரத்தப் பிரிக்கறப்ப அவங்க அங்க இல்ல.

2023ல அந்தப் பக்கம் ஒரு வேலையாப் போனேன், சும்மா நின்னு பாத்தேன். மேக்கால பாத்த சுவரு, மூணு வருஷ வெயிலு. சூரியன் சுத்தமா வெளுத்து மஞ்சளே இல்ல, நர்ஸ் உதடு ரோஸாகி, கண்ணு மட்டும் நல்லா நிக்குது. ஆனா அந்த டிஃபன் கேரியர் மட்டும் பளபளன்னு இருக்கு. கிட்டப் போய்ப் பாத்தா பீரோவுக்கு அடிக்கிற சில்வர் எனாமல், யாரோ மேல அடிச்சிருக்காங்க, பிரஷ் புடிக்கத் தெரியாத கை, ரெண்டு இடத்துல வழிஞ்சு கீழ காவி வரைக்கும் இறங்கியிருக்கு. கேட்ல இருந்த வாட்ச்மேனக் கேட்டேன், அவருக்கும் யாருன்னு தெரியல.